ஆலிவ் பறிப்பும் எண்ணெயும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் புகுந்த வீடு சிசிலித் தீவின் மேற்குப் பக்கம், காஸ்தெல்வெத்ரானோ என்ற ஊரை ஒட்டி இருக்கிறது. மாமனாருக்குக் கொஞ்சம் ஆலிவ் தோப்பு உண்டு. அக்டோபர் வந்துவிட்டால் குடும்பம் மொத்தமும் தோப்பில்தான். அந்தப் படங்களை வாட்ஸப்பில் போட்டதுமே மதுரையில் இருக்கும் சொந்தக்காரர்களும் பலேர்மோ நகரில் இருக்கும் யாழ்ப்பாணத்துத் தோழிகளும் கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். வருடா வருடம் ஏறக்குறைய அதே கேள்விகள். தனித்தனியாகக் குரல் பதிவு அனுப்பி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை விட்டிருக்கிறேன். பறிப்பு பற்றிச் சொல்வதெல்லாம் இந்தப் பக்கத்து வழக்கம். ஸ்பெயினிலோ கிரேக்கத்திலோ கொஞ்சம் மாறும்.

ஆலிவ் கொட்டையிலிருந்துதானே எண்ணெய் எடுக்கிறாங்க? வேப்பெண்ணெய் மாதிரி?

இல்லை. எண்ணெயில் பெரும்பங்கு இருப்பது சதையில். கொட்டைக்குள் இருக்கும் பருப்பில் இருப்பது ரொம்பக் கொஞ்சம். பழத்தைக் கொட்டையோடு சேர்த்தே அரைப்பதால் பலருக்கு இந்தச் சந்தேகம் வருகிறது.

இது ஒன்று பிடிபட்டால் கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு விடை கிடைத்த மாதிரி. எள், கடலை, கொப்பரை எல்லாம் காயவைத்து மூட்டை கட்டி, சௌகரியப்பட்ட நாளில் செக்குக்குக் கொண்டுபோகிற சரக்கு. ஆலிவ் பழத்திலோ பாதியளவு தண்ணீர். பறித்துக் குவித்து வைத்தால் சூடாகும், புளிக்கும். அதனால் ஆலிவ் எண்ணெயைக் கிட்டத்தட்ட ஒரு பழச்சாறு என்றே நினைத்துக்கொள்ளுங்கள். அவசரம் எல்லாம் அதனால்தான்.

எங்கட வெரளிக்காயும் இதுவும் ஒண்டோ? அதையும் சிலோன் ஒலிவ் எண்டுதானே சொல்லுறவை?

உருவம் மட்டும்தான் ஒன்று. வெரளி வேறு குடும்பத்து மரம், அதில் இந்த எண்ணெய் வராது. அதை அச்சாறு போட்டுச் சாப்பிடுவதுதான் சரி. ஆலிவுக்கு உண்மையான சொந்தம் நம் மல்லிகை! இரண்டும் ஒரே தாவரக் குடும்பம். ஆனால் ஆலிவ் பூவில் மல்லிகை வாசத்தை எதிர்பார்க்காதீர்கள். மே மாதம் பொடிப்பொடியாக வெளிர் மஞ்சளில் பூக்கும், மகரந்தத்தைக் காற்றுதான் கொண்டுபோகும். அந்தச் சமயத்தில் ஆப்பிரிக்கப் பக்கமிருந்து சிரோக்கோ என்னும் வெக்கைக் காற்று அடித்தால் பூ கருகி, அந்த வருடக் காய்ப்பே போய்விடும்.

ஆளி விதை எண்ணெயும் இதுவும் ஒன்றா என்று கேட்டவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: சம்பந்தமே இல்லை.

பச்சை ஆலிவ், கறுப்பு ஆலிவ் ரெண்டும் வேற வேற மரமா?

ஒரே மரம்தான். காயாக இருக்கும்போது பச்சை, பழுக்கப் பழுக்க ஊதா, பிறகு கறுப்பு. ரகங்கள் தனி. எங்கள் பக்கத்தில் முக்கியமானது நொச்செல்லாரா தெல் பெலிச்சே, உருண்டையாகப் பெரிதாக இருக்கும். பியான்கோலில்லா, செராசுவோலா என்ற ரகங்களும் உண்டு.

பீட்சா மேல் வட்டவட்டமாக வருகிறதே, ஒரே மாதிரி கன்னங்கரேல் என்று, அது பெரும்பாலும் பச்சைக் காயைக் காரத்தில் ஊறவைத்துக் காற்றேற்றிக் கறுப்பாக்கியது. நிறம் நிலைக்க இரும்பு உப்பு சேர்ப்பார்கள். டப்பாவில் சிறிய எழுத்தில் போட்டிருக்கும்.

மரத்திலிருந்து பறிச்சு அப்படியே சாப்பிடலாமா?

முயற்சி செய்து பார்க்க வேண்டாம். வேப்பிலைக்கு அண்ணன். ஒலியூரோபின் என்னும் பொருள்தான் கசப்புக்குக் காரணம். அதை நீக்கிய பிறகே ஆலிவ் வாய்க்கு ஆகும். காஸ்தெல்வெத்ரானோ முறை என்று கடைகளில் விற்கும் பச்சைப் பசேல் ஆலிவை எரிசோடாக் கரைசலில் ஊறவைத்து, உப்புப் போட்டுத் தயாரிக்கிறார்கள். அதனால்தான் அதில் கசப்பு கொஞ்சமும் இருக்காது.

வீட்டில் மாமியார் செய்வது வேறு. பச்சைக் காயை ஒரு கல்லால் ஒரே தட்டு தட்டுவார்; காய் விரிய வேண்டும், கொட்டை உடையக் கூடாது. தண்ணீரில் போட்டுத் தினமும் தண்ணீரை மாற்ற வேண்டும். கசப்பு எந்த அளவுக்கு இறங்கியது என்று கடித்துப் பார்த்துத்தான் முடிவு செய்வார். பிறகு உப்பு, பூண்டு, செலரித் தண்டு, புதினா, காய்ந்த மிளகாய், ஓரிகானோ, மேலே எண்ணெய். கொஞ்சம் கசப்பு மிச்சம் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. நானும் அதே கட்சி. தயிர்சாதத்துக்கு இதைவிட நல்ல தொட்டுக்கை இத்தாலியில் இல்லை.

அறுவடை எந்த மாசம்? ஒரே நாள்ல முடிஞ்சிடுமா?

ஊறுகாய்க்கு, அதாவது முழுதாகச் சாப்பிடப் பறிப்பது செப்டம்பர் கடைசியிலிருந்து. எண்ணெய்க்குப் பறிப்பது அக்டோபர், நவம்பர். கிரேக்கத்தின் கிரீட் தீவில் ஜனவரி வரைகூடப் போகும். சீக்கிரம் பறித்தால் எண்ணெய் குறைவு, ஆனால் வாசமும் காரமும் தூக்கலாக இருக்கும். தாமதித்தால் எண்ணெய் கூடும், குணம் மங்கும். எந்த வாரம் ஆரம்பிப்பது என்பதில் வீட்டுக்கு வீடு சண்டை உண்டு.

மழை பெய்தால் வேலை நிற்கும். ஈர மரத்தில் ஏணி சாய்ப்பது ஆபத்து, ஈரக் காய் பெட்டிக்குள் சீக்கிரம் கெடும், சேற்றில் வலை விரிக்கவும் முடியாது. அதனால் மாமனார் அக்டோபரில் பார்க்கிற ஒரே டிவி நிகழ்ச்சி வானிலை அறிக்கை.

எப்படிப் பறிப்பாங்க? நம்ம ஊர்ல புளி உலுக்குற மாதிரியா?

உலுக்குவதும் உண்டு, ஆனால் எங்கள் வீட்டில் சீப்புதான். முதலில் மரத்தடியில் பெரிய பச்சை வலையை விரிக்க வேண்டும். நிலம் சரிவாக இருந்தால் கீழ்ப்பக்கத்து ஓரத்தைக் கல் வைத்தோ குச்சி நட்டோ தூக்கிவிடுவோம், இல்லாவிட்டால் காய் உருண்டு பக்கத்துத் தோப்புக்குப் போய்விடும். கைக்கெட்டும் கிளைகளைப் பிளாஸ்டிக் சீப்பால் வாருவோம். உயரத்துக்கு, நீளக் குழாயின் நுனியில் இரண்டு கைகள் கைதட்டுவது போல் அடித்துக்கொள்ளும் பேட்டரிக் கருவி. அதைப் பிடிப்பவர் மாலையில் தோளைத் தூக்க மாட்டார். நடுக்கிளைகளில் மிஞ்சியதை ஏணி போட்டுக் கையால் எடுக்க வேண்டும்.

அப்புறம் வலையின் இரண்டு முனைகளையும் பிடித்துக் காயை ஒரே இடத்துக்கு உருட்டி, மண்டியிட்டுச் சுள்ளிகளைப் பொறுக்கி எறிந்துவிட்டு, ஓட்டை வைத்த பிளாஸ்டிக் பெட்டிகளில் அள்ளுவோம். இலை கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை, ஆலையில் ஊதித் தள்ளிவிடுவார்கள். சாக்கில் கட்டவே கூடாது: அமுங்கும், சூடாகும். ஊறுகாய்க் காய்க்கு இந்த வலை, சீப்பு எதுவும் ஆகாது. சின்ன அடி பட்டாலும் கறுத்துவிடும். கழுத்தில் கூடையை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கையால் பறிப்பதுதான்.

குடும்பமே பறிக்குறீங்களே, கூலிக்கு ஆள் கிடைக்காதா?

எங்களைப் போன்ற சின்னத் தோப்புக்காரர்கள் சித்தப்பா, அத்தை, மச்சான் என்று சொந்தங்களைக் கூப்பிட்டுக்கொள்வார்கள். இன்று உங்கள் தோப்பு, வரும் சனிக்கிழமை என் தோப்பு. மதியம் ரொட்டியைப் பிளந்து எண்ணெய், தக்காளி, நெத்திலி, சீஸ், ஓரிகானோ வைத்து அடைத்த 'பானே குன்சாத்து' வரும். காஸ்தெல்வெத்ரானோவின் கறுப்பு ரொட்டியில் செய்தது என்றால் மேலே எள் தூவியிருக்கும்.

ஆனால் இதை மட்டும் படம் பிடித்துப் போட்டால் அது முழு உண்மை ஆகாது. பெரிய தோப்புகளின் வேலை, முக்கியமாக ஊறுகாய்க் காய் பறிப்பது, செனகல், காம்பியா, துனீசியா போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்களின் கையில்தான் நடக்கிறது. பக்கத்து ஊரான காம்போபெல்லோ தி மாத்சாராவைச் சுற்றி அவர்கள் பருவம் முழுவதும் தகரக் கொட்டகைகளில் தங்கும் நிலை பல வருடங்களாக இருந்துவருகிறது. டின் மேல் அச்சடித்திருக்கும் சிரித்த முகக் குடும்பத்துக்குப் பின்னால் இவர்களும் இருக்கிறார்கள்.

ஆலைக்குப் போன பிறகு என்ன நடக்குது?

ஆலையை இத்தாலியில் ஃப்ரந்தோயோ என்பார்கள். சிசிலிக் கிழவர்கள் திரப்பீத்து என்பார்கள். நேரம் முன்கூட்டியே பதிய வேண்டும். எடை போட்டுச் சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்போம். இலை நீக்கி, கழுவி, கொட்டையோடு அரைப்பார்கள். பழுப்பும் பச்சையுமாகக் களி போல வரும். அதை மூடிய தொட்டியில் அரை மணி நேரம் போல மெதுவாகக் கிண்டுவார்கள், துளித்துளியாக இருக்கும் எண்ணெய் ஒன்று சேர்வதற்காக. 27 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் இருந்தால்தான் ஐரோப்பிய விதிப்படி 'குளிர் முறையில் எடுத்தது' என்று போடலாம். சூட்டை ஏற்றினால் எண்ணெய் கூடுதலாக வரும், வாசம் போகும். பிறகு அந்தக் களி வேகமாகச் சுழலும் இயந்திரத்துக்குள் போய் பிண்ணாக்கு, தண்ணீர், எண்ணெய் எனப் பிரியும்.

கடைசிக் குழாயில் எண்ணெய் விழும்போது மாமனார் அங்கிருந்து நகரவே மாட்டார். தன் காய்க்கு வந்த எண்ணெய் தன் கேனில்தான் விழுகிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும் அவருக்கு. முந்தைய ஆளின் சரக்கு முழுவதும் வடிந்துவிட்டதா என்று ஆலைக்காரரிடம் கேட்பார். ஆலைக்காரரும் ஒவ்வொரு முறையும் அலுத்துக்கொள்வார். கூலி 100 கிலோ காய்க்கு இவ்வளவு என்று பணமாகவோ, எண்ணெயில் ஒரு பங்காகவோ கொடுக்கலாம். கொஞ்சமாகக் கொண்டுபோனால் தனியாக ஆட்ட மாட்டார்கள், பிறர் காயோடு சேர்த்துவிடுவார்கள். அதனால்தான் ஒரே நாளில் நிறையப் பறிக்க இத்தனை கைகள் தேவைப்படுகின்றன.

பிண்ணாக்கு வேறு தொழிற்சாலைக்குப் போகும். அதில் மிஞ்சிய எண்ணெயைக் கரைப்பான் ஊற்றி எடுத்துச் சுத்திகரித்து மலிவாக விற்கிறார்கள். உடைந்த கொட்டைத் துகளைக் குளிர்காலத்தில் அடுப்பில் எரிப்பார்கள்.

பழைய கல் செக்குல ஆட்டினதுதானே சத்து? மெஷின்ல சூடாகிடுமே?

நம் ஊர் மரச்செக்கு நினைப்பில் கேட்கிறீர்கள். இங்கே கதை வேறு. அந்தக் காலத்தில் கல் உருளையில் அரைத்து, நார்ப் பாய்களில் களியைப் பரப்பி, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி அழுத்துவார்கள். பார்க்க அழகு. ஆனால் களி காற்றில் திறந்து கிடக்கும். பாய்களை முழுதாகச் சுத்தம் செய்வது நடக்காத காரியம்; நேற்றைய எச்சம் புளித்து இன்றைய எண்ணெயில் வாடையாக ஏறும். மூடிய இயந்திரத்தில் சூட்டையும் காற்றையும் கட்டுப்படுத்த முடிகிறது. கல்லைக் காட்டிக் கூடுதல் விலை கேட்டால் நான் கொடுக்க மாட்டேன்.

ரெண்டு மூணு நாள் வச்சு ஆட்டினா எண்ணெய் கூட வரும்னு சொல்றாங்களே?

இங்கேயும் பழைய ஆட்கள் சொல்வதுண்டு. வைத்திருந்தால் காயில் தண்ணீர் வற்றும், எடை குறையும். அதனால் '100 கிலோவுக்கு இத்தனை கிலோ' என்ற கணக்கு ஏறின மாதிரி தெரியும். மரத்திலிருந்து வந்த எண்ணெய் அதேதான். கூடுவது புளிப்பு வாடை மட்டும். முதல் கேள்வியில் சொன்ன பழச்சாறு விஷயம்தான் இது. 24 மணி நேரத்துக்குள் ஆட்டிவிடுவது நல்லது.

ஒரு மரத்துக்கு எத்தனை லிட்டர் கிடைக்கும்?

மரத்தின் வயது, ரகம், மழை, கவாத்து எல்லாவற்றையும் பொறுத்தது. சுமாரான மரம் 20, 30 கிலோ காய் கொடுத்தால் சந்தோஷம். 100 கிலோ காய்க்கு 12லிருந்து 18 கிலோ வரை எண்ணெய் வரும். அப்படியானால் ஒரு மரத்துக்கு மூன்று, நான்கு லிட்டர் என்று வையுங்கள். ஆலை வாசலில் பேச்சே இதுதான்: "உனக்கு எத்தனை வந்தது?" பதினான்கு வந்தவர் பதினாறு என்று சொல்வதும் உண்டு.

ஒரு வருடம் நிறையக் காய்த்தால் அடுத்த வருடம் மரம் ஓய்வெடுக்கும். கவாத்து செய்து அதைக் கொஞ்சம் சமன்படுத்தலாம். கிளைகளுக்கு நடுவே குருவி பறந்து போகிற அளவுக்கு இடம் விட வேண்டும் என்பது இங்கே கவாத்துக்குச் சொல்லும் அளவு. இதற்கு மேல் ஆலிவ் ஈ என்று ஒன்று. காய்க்குள் முட்டையிடும், புழு சதையைத் தின்னும். 2014இல் இத்தாலி முழுக்கப் பறிப்பு படுத்துப்போனதற்கு இந்த ஈ ஒரு பெரிய காரணம். சில தோப்புகளில் பிளாஸ்டிக் பாட்டிலில் ஓட்டை போட்டு, அம்மோனியாவோ மீன் துண்டோ போட்டு மரத்தில் தொங்கவிட்டிருப்பார்கள். அது இந்த ஈயைப் பிடிக்கத்தான்.

எக்ஸ்ட்ரா வர்ஜின்னா என்ன? அமிலம் கம்மின்னு போட்டிருக்கே, புளிக்காதுன்னு அர்த்தமா?

அந்த அமிலம் நாக்குக்குத் தெரியாது. அடிபட்ட, புழு விழுந்த, வைத்திருந்து ஆட்டிய காயில் கொழுப்பு உடைந்து அமிலம் பிரியும். பரிசோதனைக் கூடத்தில்தான் அளக்க முடியும். எக்ஸ்ட்ரா வர்ஜின் என்றால் அது 0.8 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், பயிற்சி பெற்ற சுவைஞர் குழு ருசி பார்த்து ஒரு குறையும் இல்லை என்று சொல்லவும் வேண்டும். 2 சதவீதம் வரை வர்ஜின். அதற்கு மேல் போனது சுத்திகரிப்புக்குப் போகும். வெறும் 'ஆலிவ் எண்ணெய்', 'பியூர்', 'லைட்' என்று விற்பவை அப்படிச் சுத்திகரித்ததில் கொஞ்சம் நல்ல எண்ணெய் கலந்தவை. லைட் என்பது நிறத்துக்கும் வாசத்துக்கும் மட்டும், கொழுப்பு அதேதான்.

'இத்தாலியில் பாட்டிலில் அடைத்தது' என்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். காய் எந்த நாட்டுடையது என்பது பின்பக்கம் சிறிய எழுத்தில் இருக்கும். ஸ்பெயின், கிரேக்கம், துனீசியா எண்ணெயை இத்தாலி நிறைய இறக்குமதி செய்கிறது. அதில் தப்பில்லை, அவையும் நல்ல எண்ணெய்தான். ஆனால் இத்தாலி விலையைக் கொடுக்க வேண்டியதில்லை.

நீங்க அனுப்பின எண்ணெய் தொண்டையைக் கமறுது. கெட்டுப் போச்சா?

நேர்மாறு. புது எண்ணெய் அப்படித்தான் கமறும், சில சமயம் இருமலே வரும். ஒலியோகாந்தால் என்னும் பொருள்தான் காரணம். கேரி போஷாம்ப் என்ற அமெரிக்க விஞ்ஞானி எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் எரிச்சே மலையூரில் ஒரு கருத்தரங்குக்கு வந்தபோது புது எண்ணெயைச் சுவைத்துவிட்டு, இபுப்ரோஃபென் மருந்தை விழுங்கும்போது வரும் அதே எரிச்சல் என்று கவனித்தார். அவர் குழு 2005இல் 'நேச்சர்' இதழில் அதை வெளியிட்டது. அதற்காக இதை மாத்திரைக்குப் பதிலாகக் குடிக்காதீர்கள்; ஒரு கரண்டியில் இருப்பது சொற்பம். சில மாதங்களில் கமறல் தானாகத் தணியும்.

உண்மையாகவே கெட்ட எண்ணெயில் கமறல் இருக்காது. பழைய நிலக்கடலை போலச் சிக்கு வாடை அடிக்கும்.

ஃபிரிட்ஜ்ல வச்சா உறைஞ்சா அசல்னு யூடியூப்ல சொன்னாங்க. நல்ல பச்சையா இருக்கணுமாமே?

இரண்டுமே சோதனை ஆகாது. உறைவது ரகத்தையும் கொழுப்பின் அமைப்பையும் பொறுத்தது. அசலும் சில நேரம் உறையாது, கலப்படமும் உறையும். நிறம் ரகத்தையும் பறித்த காலத்தையும் காட்டும், தரத்தைக் காட்டாது. அதனால்தான் தேர்ந்த சுவைஞர்கள் நிறம் தெரியாத நீலக் கண்ணாடிக் குவளையில் ஊற்றிச் சுவைக்கிறார்கள். வீட்டில் செய்யக்கூடியது முகர்ந்து பார்ப்பதுதான். நொச்செல்லாரா எண்ணெய் என்றால் தக்காளி இலையைக் கசக்கின வாசம் வரும்.

தாளிக்கலாமா? வடை சுடலாமா? விஷமாகிடும்னு சொல்றாங்க.

விஷமெல்லாம் ஆகாது. நல்ல எக்ஸ்ட்ரா வர்ஜின் 190 டிகிரிக்கு மேல்தான் புகையும். வடை சுட 170, 180 போதும். இங்கே கத்தரிக்காயை இதில்தான் பொரிக்கிறார்கள். ஆனால் இத்தனை பாடுபட்டு எடுத்த வாசத்தை வாணலியில் கொளுத்துவானேன்? வடைக்குக் கடலை எண்ணெய், சாம்பாருக்கு நல்லெண்ணெய். ஆலிவ் எண்ணெயை இறக்கின பருப்பு மேலும் சூடான ரசம் சாதத்திலும் ஊற்றிப் பாருங்கள். இட்லிப் பொடிக்கு மட்டும் நான் இன்னும் நல்லெண்ணெய்க்காரிதான்.

எவ்வளவு நாள் கெடாம இருக்கும்?

வெளிச்சம், சூடு, காற்று மூன்றும் இதற்கு எதிரி. டின்னிலோ அடர்நிறப் பாட்டிலிலோ, அடுப்படியை விட்டுத் தள்ளி வையுங்கள். ஒன்றரை வருடத்துக்குள் முடித்துவிடுங்கள், திறந்த பாட்டிலை ஓரிரு மாதத்தில். பாட்டில் மேல் இருக்கும் 'இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்' என்பது அடைத்த நாளிலிருந்து கணக்கிட்டதாக இருக்கலாம். முடிந்தவரை பறித்த பருவம் அச்சிட்டதாக வாங்குங்கள். நல்ல எண்ணெயைப் பண்டிகைக்கென்று எடுத்து வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. இதற்கு அது ஆகாது.

நம்ம ஊர்ல ஒரு மரம் வச்சா காய்க்குமா?

வளரும், காய்ப்பது சந்தேகம். பூ எடுக்க ஆலிவுக்குக் குளிர்காலக் குளிர்ச்சி வேண்டும். மதுரையில் அதற்கு வழியில்லை. ராஜஸ்தானில் 2008 வாக்கில் இஸ்ரேலியத் தொழில்நுட்பத்தோடு நட்டார்கள், பிகானேர் பக்கம் லூங்கரன்சரில் எண்ணெய் ஆலையும் வந்தது. அங்கே குளிர்கால இரவுகள் நன்றாகக் குளிரும்.

கணக்குப் பார்த்தா கடையில வாங்குறதே மலிவு இல்லையா?

கவாத்து, உழவு, வலை, பேட்டரி, ஆலைக் கூலி, எல்லாருடைய உழைப்புக்கும் கூலி என்று போட்டால் ஆமாம், மலிவுதான். அதனால்தான் பல தோப்புகள் பறிக்காமலே கிடக்கின்றன. எங்கள் வீட்டில் பெரும்பங்கு விற்பனைக்குப் போவதில்லை. மிலானில் இருக்கும் கொழுந்தனாருக்கு ஐந்து லிட்டர் டின்கள், அத்தைகளுக்குப் பங்கு, டாக்டருக்கு ஒன்று, பாதிரியாருக்கு ஒன்று. தெற்கிலிருந்து வடக்கே போன பிள்ளைகளுக்குப் பெட்டி கட்டி அனுப்புவது இங்கே பெரிய பழக்கம். அந்தப் பெட்டியில் எண்ணெய் இல்லாவிட்டால் மாமியார் தூங்க மாட்டார்.

நாங்க சுத்திப் பார்க்க வந்தா ஒரு நாள் பறிக்க வரலாமா?

வாருங்கள், ஆனால் வலைக்கு இந்தப் பக்கம் நின்று படம் எடுப்பதோடு சரி. நெருங்கின சொந்தம் கூலியில்லாமல் உதவலாம். மற்றவர்கள் வேலை செய்தால் ஒப்பந்தம், காப்பீடு எல்லாம் வேண்டும். தொழிலாளர் துறை ஆய்வாளர்கள் பறிப்புக் காலத்தில் தோப்புகளுக்கு வருவார்கள். அதைவிட, சாயங்காலம் ஆலைக்கு வாருங்கள். வேடிக்கை பார்க்க யாரும் தடுக்க மாட்டார்கள், ரொட்டித் துண்டில் புது எண்ணெய் ஊற்றியும் கொடுப்பார்கள். டின் வாங்கினால் துணிக்கு நடுவே சுற்றி, விமானத்தில் போடும் பெரிய பெட்டியில் வையுங்கள். கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துக்கொண்டுவிடுவார்கள்.